இருபத்தோராம் நாள் ஊசி

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை கிளினிக்கில் ஒரு மருந்துப் புட்டி கைதவறி விழுந்து உடைந்தது. புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெண் பதறிப்போய் அப்படியே நின்றுவிட்டாள். "காலை எடுக்காதம்மா, கண்ணாடி" என்று சொல்லிவிட்டு நான்தான் ஈரத்துணியோடு குனிந்தேன். கட்டைவிரல் உயரப் புட்டி. உள்ளே இருந்த வெள்ளைப் பொடி சிவப்புத் தரையில் கோலமாவு சிந்தியதுபோலக் கிடந்தது. துடைத்து, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரலில் அந்த வாசனை போகவில்லை. கசப்பு என்றும் சொல்ல முடியாது, புளிப்பு என்றும் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் வருமே, அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. சனிக்கிழமைதோறும் உங்கள் புடவையில் இருந்த வாசனை.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தவர்கள் எதற்குக் கடிதம் எழுதிக்கொள்ளப் போகிறோம்? ஆனால் இன்று டோக்கன் கொடுத்து முடித்து, மேசை முன்னால் உட்கார்ந்ததும் கை தானாகத் தாளை எடுத்துவிட்டது.

மந்தாரக்குப்பத்தில் அந்த நாலு வீட்டு வரிசையில் நாங்கள் கடைசி வீடு, நீங்கள் அதற்கு முந்தின வீடு. என் வீட்டுக்காரருக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை நாளெல்லாம் அள்ளிப் போடுவது. உங்கள் வீட்டுக்காரர் ஷிப்ட் பஸ் ஓட்டினார். நீங்கள் ஜன்னலோரம் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தீர்கள். காலையில் கொடியில் போட்ட துணியை மத்தியானமே எடுத்துவிடுவீர்கள், இல்லாவிட்டால் அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்துவிடும் என்று. அதிகம் பேச மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவீர்கள், வருவீர்கள். குழந்தை இல்லை. மற்றபடி உங்களைப் பற்றி அந்த வரிசையில் யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது.

என் மகள் மலர் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நொண்டிக்கொண்டே வந்தாள். வலது முட்டி வீங்கிச் சிவந்திருந்தது. விழுந்திருப்பாள் என்று நினைத்து எண்ணெய் தடவிவிட்டேன். இரண்டு நாளில் வலது முட்டி சரியாகி, இடது முட்டி வீங்கியது. அப்புறம் கணுக்கால். உடம்பும் சூடாக இருந்தது. வாசலில் அவளை உட்கார வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் மிஷின் சத்தம் நின்றது. எழுந்து வந்தீர்கள்.

"இது அந்த முட்டி இல்லியே. முந்தாநாள் வேற முட்டியத்தான தேச்சிகினு இருந்த?"

"ஆமாங்க்கா. அது சரியாப் போயி இதுக்கு வந்துடுச்சு. நடந்து நடந்து வலிக்குது போல."

நீங்கள் மலரின் பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தொடாமல் பார்த்தீர்கள். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி இருந்தீர்கள். நாடி எண்ணுகிறீர்கள் என்பதுகூட அன்று எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னால தொண்ட வலின்னு சொன்னாளா?"

சொன்னாள். உப்புத்தண்ணீரில் கொப்பளிக்க வைத்தேன், சரியாகிவிட்டது. அதற்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"நாளைக்கே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ செல்வி. நாளைக்கே. நெஞ்சப் பாக்கச் சொல்லு. முட்டிய வுட்டுடு, நெஞ்சப் பாக்கச் சொல்லு."

"உங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"எங்க சொந்தத்துல ஒரு புள்ளைக்கு வந்துச்சு" என்றீர்கள். அது பொய். ஆனால் அந்தப் பொய்தான் எங்களை பஸ் ஏற்றியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். ருமாட்டிக் ஜுரம் என்றார்கள். தொண்டையில் புண் உண்டாக்கும் ஒருவகைக் கிருமியை எதிர்த்து உடம்பு சண்டை போடும்போது, சில குழந்தைகளுக்கு ஆள் மாறிப்போய், சொந்த மூட்டையும் இதய வால்வையும் அடித்துவிடுமாம். மூட்டு ஆறிவிடும், தழும்பு கிடையாது. வால்வில் விழுந்த காயம் தங்கிவிடும். மலருக்கு வால்வில் லேசான கசிவு இருந்தது. அந்த இளம் டாக்டர் என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "அம்மா, பட்ட காயத்துக்கு மருந்து இல்லை. ஆனா அந்தக் கிருமி மறுபடி தொண்டைக்கு வராம பாத்துக்கலாம். பென்சிலின் ஊசி. மூணு வாரத்துக்கு ஒண்ணு. ஒண்ணுகூட விடக் கூடாது. வருஷக்கணக்கில போடணும். உங்க ஊர்லயே போட்டுக்கலாம், சீட்டு தரேன்."

முதல் ஊசியை அங்கேயே போட்டார்கள். அடுத்ததற்கு, இருபத்தோராம் நாள், சீட்டை எடுத்துக்கொண்டு நம் பக்கத்துக் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். சீட்டைப் படித்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"பென்சிலினா? நாங்க போடறதில்லம்மா. ஒத்துக்காம போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

இரண்டாவது இடத்திலும் அதே பதில். மூன்றாவது இடத்தில் இருந்தவர் நல்லவர். மாத்திரை வேண்டுமானால் எழுதித் தருகிறேன், ஊசிக்குப் பாண்டிச்சேரிக்கே போய்விடுங்கள் என்றார். தப்பு அவர்கள் மேல் என்று நான் இப்போது நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் எங்கோ ஒரு கதையைக் கேட்டுப் பயந்திருந்தார்கள். ஆனால் அன்று வெயிலில் மலரை நடத்திக்கொண்டு வீடு திரும்பும்போது எனக்கு ஊரின் மேலேயே கோபம். என் வீட்டுக்காரர் அந்த வாரம் லீவு போட்டால் ஆளை மாற்றிவிடுவேன் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் போகலாம் என்றோம். அடுத்த வாரம் மலருக்குப் பரீட்சை. பிள்ளையும் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தாள். நோவு தெரியாத இடத்தில் மருந்தின் அவசரமும் தெரிவதில்லை அக்கா. அதற்கடுத்த ஊசியும் போயிற்று.

இதையெல்லாம் நான் உங்கள் ஜன்னலோரம் நின்று உங்களிடம்தான் புலம்பினேன். நீங்கள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒருமுறை நூல் அறுந்தது. ஊசியில் கோக்க முடியாமல் நாலைந்து தடவை முயன்றீர்கள். கண் மங்குகிறது போல என்று நினைத்து, நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.

மழை ஆரம்பித்த சமயத்தில் மலருக்கு மறுபடி தொண்டை வலித்தது. மூன்று வாரம் கழித்து முட்டி. இந்த முறை தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நாலடி நடந்ததற்கே மூச்சு வாங்கினாள். பாண்டிச்சேரிக்கு ஓடினோம். சேர்த்த அன்றே ஊசி போட்டு, மறுபடி இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். கசிவு அதிகமாகியிருந்தது. அதே டாக்டர், முகத்தில் கோபத்தைக் காட்டாமல் இருக்கப் பாடுபட்டு, "இன்னொரு தடவை வந்தா வால்வு தாங்காதும்மா, ஆபரேஷன்தான்" என்றார்.

நாங்கள் வீடு வந்த அன்று சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னீர்கள்.

"செல்வி, நான் ஒரு நர்ஸ். ட்ரெய்னிங் முடிச்சு ஒம்போது வருசம் வேல பாத்தவ."

கையில் இருந்த மருந்துச் சீட்டைக் கீழே வைத்தேன்.

"இந்த ஊசி நான் எத்தினியோ பேருக்குப் போட்டிருக்கேன். ஒரு பையன் என் கையில போயிட்டான். அதோட வுட்டுட்டேன்."

அப்புறம் மொத்தத்தையும் சொன்னீர்கள். வேறொரு ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஒரே கூட்டம். லாரியில் போகிற இருபது வயசுப் பையன், காலில் சீழ் வைத்த புண்ணோடு வந்தான். உள்ளேயிருந்து டாக்டர் "போட்டு அனுப்புங்க சிஸ்டர்" என்றார். நீங்களும் போட்டீர்கள். அவன் சட்டைப் பித்தானை மாட்டிக்கொண்டே "அக்கா, தொண்டைய அடைக்கிற மாதிரி இருக்குது" என்றான். அடுத்த நிமிஷம் கீழே விழுந்தான். அந்த நேரத்தில் கொடுக்க வேண்டிய மருந்து அலமாரியில் இருந்தது. சாவி வேறொருவரிடம் இருந்தது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு அவன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழும்போது சொன்னார்களாம், போன வருஷமும் ஒரு ஊசிக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனது என்று.

"ஒரே கேள்வி செல்வி. முன்னால இது போட்டு ஏதாச்சும் ஆச்சான்னு. அர நிமிசம் ஆகாது. நான் கேக்கல."

நான் அந்த இடத்தில் உங்கள் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அப்போது என் மனசில் அந்தப் பையன் இல்லை, நீங்கள் இல்லை. ஜன்னலோரம் நான் நின்று அழுத நாட்கள்தான் இருந்தன.

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒங்களால போட முடியும். நான் வூடு வூடா சீட்டத் தூக்கிகினு அலைஞ்சத பாத்துகினு இருந்தீங்க. ஒங்க பயத்துக்கு எம் பொண்ணு நெஞ்சா கெடச்சுது?"

நீங்கள் தலையை ஆட்டினீர்கள், நான் சொன்னது சரி என்பதுபோல. பிறகு போய்விட்டீர்கள். ஒரு வாரம் நான் உங்கள் பக்கம் திரும்பவில்லை. அந்த ஒரு வாரம் உங்கள் மிஷின் ஓடவேயில்லை என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

எட்டாம் நாள் காலையில் வந்தீர்கள். தலை வாரி, இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவை கட்டி. இத்தனை வருஷமும் அது எந்தப் பெட்டிக்கு அடியில் இருந்ததோ. "பாப்பாவ ரெடி பண்ணு. இன்னியோட இருபத்தோரு நாள்" என்றீர்கள்.

பின் தெருவில் வயசான டாக்டர் ஐயா ஒருவர் ஒற்றை அறைக் கிளினிக் வைத்திருந்தார். அந்த ஒரு வாரமும் நீங்கள் தினமும் அவரைப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். வீட்டிலேயே போட்டுவிடலாமே என்று நான் கேட்டதற்கு, "வூட்டுலயெல்லாம் போடவே கூடாது. பக்கத்துல டாக்டர் இருக்கணும், மருந்து தட்டுல இருக்கணும், பூட்டுல இல்ல" என்று அழுத்தமாகச் சொன்னீர்கள். அவரிடம் நீங்கள் வைத்த நிபந்தனையும் அதுதானாம். ஊசியை நீங்கள் போடுகிறீர்கள், ஆபத்துக்கு வேண்டிய மருந்தை முன்கூட்டியே சிரிஞ்சில் ஏற்றித் தட்டில் வைக்க வேண்டும், அரை மணி நேரம் அவர் எங்கேயும் போகக் கூடாது.

மலர் முன் உட்கார்ந்து கேட்டீர்கள். "இதுக்கு முன்னால இந்த ஊசி போட்டு அரிப்பு, தடிப்பு, மூச்சு முட்டல், ஏதாச்சும் வந்துச்சா?" வரவில்லை என்றாள். என்னைப் பார்த்து அதையே மறுபடி கேட்டீர்கள். முன்கையில் தோலுக்கு அடியில் ஒரு சொட்டு மருந்து ஏற்றி, பால்பாயிண்ட் பேனாவால் சுற்றி ஒரு வட்டம் போட்டீர்கள். அது சிவக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்த நேரத்தில்தான் மலர் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஆன்ட்டி, இந்த மருந்து உள்ள போயி இன்னா பண்ணும்?"

"கிருமி இருக்குதே, அது ஒவ்வொண்ணும் தன்னச் சுத்தி ஒரு சொவரு கட்டிகினு அதுக்குள்ள இருக்கும். வளர வளர, ரெண்டா பிரியப் பிரிய, புதுசா கட்டிகினே இருக்கணும். இந்த மருந்து போயி, சொவரு கட்டுற அந்தக் கொத்தனாரு கையப் புடிச்சுக்கும். கட்ட முடியாது. சொவத்துல ஓட்ட வுழும். வெளியில இருக்கற தண்ணி உள்ள பூந்து, கிருமி உப்பி, வெடிச்சுப் போயிடும்."

"நம்ம ஒடம்பு வெடிக்காதா?"

"நம்ம ஒடம்புல அந்த மாதிரி சொவரே கெடையாது. அதான் கிருமிய மட்டும் புடிக்குது, நம்மள வுட்டுடுது."

"எதுல செய்வாங்க?"

"மொதல்ல பூஞ்சையிலருந்து எடுத்தாங்க. பழைய ரொட்டியில பூக்குமே, அந்த ஜாதி."

"ஐயே" என்று மலர் முகத்தைச் சுளித்ததும் டாக்டர் ஐயாவே சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள், குழந்தைதானே, "நம்மள ஒண்ணும் பண்ணாதுன்னா, அப்ப ஏன் ஆன்ட்டி சில பேருக்கு ஒத்துக்காது?"

உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் மலரின் கையிலிருந்த வட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

"மருந்து தப்பு பண்றதில்ல பாப்பா. அவங்க ஒடம்பு அத எதிரின்னு தப்பா நெனச்சுக்கும். ஒன் ஒடம்பு ஒன் நெஞ்சத் தப்பா நெனச்சுதில்ல, அது மாதிரி. ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட அப்பிடிப் பெருசா வராது. ஆனா அந்த ஒருத்தரு யாருன்னு நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."

வட்டம் சிவக்கவில்லை. டாக்டர் ஐயா பார்த்துத் தலையாட்டினார். நீங்கள் புட்டியில் இருந்த வெள்ளைப் பொடியோடு ஊசித் தண்ணீரைச் சேர்த்துக் குலுக்கினீர்கள். பால்போல் கெட்டியாக வந்தது. சிரிஞ்சை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொன்னீர்கள். மறுபடி எடுத்துப் போட்டீர்கள். மலர் அலறினாள். அந்த மருந்து அப்படித்தான் வலிக்கும். கெட்டியாகச் சதைக்குள் தங்கி, மூன்று வாரமும் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் இறங்கிக்கொண்டிருக்குமாம்.

பிறகு அந்த அரை மணி நேரம். சுவர்க் கடிகாரத்தையும் மலர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நீங்கள் நின்றீர்கள். "மூச்சு விடு. பேசு. எதயாச்சும் பேசிகினே இரு" என்றீர்கள். அவள் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். முள் அரை வட்டம் சுற்றி முடித்ததும், "அவ்வளவுதான், வூட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் கொல்லைப்புறம் போனீர்கள். நான் பின்னால் வந்தேன். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தீர்கள். அப்போதுதான் உங்கள் கையைப் பிடித்தேன். தாமதமாகத்தான். ஆனாலும் பிடித்தேன்.

அடுத்த மாசமே மிஷினை விற்றுவிட்டு அந்தக் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்கள். விஷயம் எப்படியோ பரவியது. சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு குழந்தை வந்தது. வளையமாதேவிப் பக்கமிருந்து அண்ணனும் தங்கையும் வந்தார்கள். மைன்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு காலேஜ் பெண். எல்லாருக்கும் சனிக்கிழமை என்று வைத்தீர்கள். என்னையும் கூப்பிட்டீர்கள். "ஒனக்குத்தான் செல்வி, ஒரு ஊசி வுட்டா இன்னா ஆவும்னு தெரியும். நோட்டு போடு. யாருக்கு என்னிக்குன்னு எழுது. வரலன்னா மறுநாள் அவங்க வூட்டு வாசல்ல போயி நில்லு." அப்படித்தான் நான் இந்த மேசைக்கு வந்தேன்.

கிளினிக்கில் உங்களோடு இருந்த வருஷங்களில் அந்த மருந்துக் குடும்பத்தையே நான் தெரிந்துகொண்டேன். காதில் சீழ், நுரையீரலில் சளிக்காய்ச்சல், தொண்டைப் புண் என்று டாக்டர் ஐயா எழுதித் தரும் அமாக்ஸிசிலின் மாத்திரையும் அதே ஜாதிதான் என்பீர்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் மீதியை அலமாரியில் வைத்துவிடுகிறவர்களைக் கண்டால் உங்களுக்கு ஆகாது. "பாதிக் கிருமிய அடிச்சுட்டு மீதிய வூட்டுல வெச்சு வளக்கறியா?" என்பீர்கள். மைன்ஸ் ஷிப்ட் முடித்து நேராக வந்த ஒருவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஜலதோஷத்துக்கு அந்த காப்ஸ்யூலையே கொடுங்கள் என்று ஒரு நாள் அடம்பிடித்தார். "ஜலதோஷக் கிருமிக்கு சொவரே இல்லீங்க. இந்த மருந்து எங்க போயி எத இடிக்கும்? வெந்நீர் குடிச்சுட்டுப் போயி தூங்குங்க" என்று அனுப்பினீர்கள். அவர் போன பிறகு இருவரும் சிரித்தோம். நீங்கள் வாய்விட்டுச் சிரிப்பதை நான் பார்க்க அத்தனை நாள் ஆகியிருந்தது.

ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்பீர்கள். மலர் ஒன்பதாவது வந்தபோது பொறுக்க முடியாமல், "போன தடவயும் இதயேதான கேட்டீங்க ஆன்ட்டி?" என்றாள். "அடுத்த தடவயும் கேப்பேன். பதில் சொல்லு" என்றீர்கள்.

சில வருஷம் கழித்து, ஒரு நாள் கிளினிக் கதவைச் சாத்தும்போது சொன்னீர்கள். "அந்தப் பையனோட அம்மாவப் போயி பாக்கணும் செல்வி. தனியாப் போனா பாதி வழியில எறங்கிடுவேன். கூட வரியா?"

பண்ருட்டி தாண்டி ஒரு முந்திரிக்கொல்லை ஊர். பஸ்ஸில் மூன்று தடவை இறங்கிவிடலாம் என்றீர்கள். மூன்று தடவையும் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்த அம்மா வீட்டுக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கட்டையால் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது.

"யாரும்மா?"

நீங்கள் ஓரடி முன்னால் போனீர்கள். அவர்கள் நிமிர்ந்து உங்களையே பார்த்தார்கள். கட்டை அப்படியே கையில் நின்றது.

"ஊசி போட்ட அம்மாதான நீ?"

நீங்கள் மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள். "கேக்காமப் போட்டுட்டேம்மா. ஒரு வார்த்த கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. புள்ள இருந்திருப்பான்" என்றீர்கள்.

அந்த அம்மா உடைத்த கொட்டையைக் கூடையில் போட்டார்கள். பிறகு கட்டையைக் கீழே வைத்தார்கள்.

"சொல்லியிருப்பேன். வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். கூட்டமா இருக்குது, உள்ள வராதன்னு சொன்னாங்க. நானும் ஒக்காந்துட்டேன். கதவத் தள்ளிகினு உள்ள வந்து சொல்லியிருந்தா ஆவாதா? பெத்தவ நானே எழுந்து வரல. இத்தினி வருசமா அத நெனச்சிகினுதான் கெடக்கறேன்."

நீங்கள் அவர்கள் காலைத் தொடப் போனீர்கள். அவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். "மன்னிப்பெல்லாம் கேக்காத. எனக்குக் குடுக்கத் தெரியாது. வெயில்ல வந்திருக்கீங்க. ஒக்காரு, மோரு எடுத்தாறேன்" என்று எழுந்து உள்ளே போனார்கள்.

மோர் குடித்தோம். கிளம்பும்போது, "இப்ப இன்னா பண்ற?" என்று கேட்டார்கள். அதே ஊசியைத்தான் போடுகிறேன் என்று நீங்கள் சொன்னீர்கள். என் மகள் கதையை நான் சொன்னேன். "கேட்டுட்டுப் போடு" என்றார்கள். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில் பஸ் ஜன்னலில் தலை சாய்த்து நீங்கள் தூங்கினீர்கள். அப்படி ஒரு தூக்கத்தை உங்கள் முகத்தில் நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சிறுநீரகக் கோளாறு உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனது. கால் வீங்கியிருந்தபோதும் சனிக்கிழமை வந்தீர்கள். நிற்க முடியாதபோது நாற்காலி போட்டு உட்கார்ந்து போட்டீர்கள். படுக்கையில் இருந்த கடைசி மாசம் மலர் வந்து பார்த்தாளே, நினைவிருக்கிறதா? அவள் அப்போது கடலூரில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பாண்டிச்சேரியில் நெஞ்சை ஸ்கேன் பண்ணிப் பார்த்ததில் புதுக் காயம் படாததால் கசிவு ரொம்பக் குறைந்துவிட்டது, ஆபரேஷன் பேச்சே இல்லை என்று சொன்னார்கள் என்றாள். நீங்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தீர்கள். "நல்லா ஓடுது" என்றீர்கள். இருபத்தைந்து வயது வரை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள்தான். இப்போதும் சனிக்கிழமை லீவில் இங்கேதான் வந்து போட்டுக்கொள்கிறாள்.

என் வீட்டில் நின்று நான் அன்று உங்களைச் சொன்ன சொல்லை நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று பல தடவை என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஒருநாளும் அதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் வாய் திறக்காமல் இருந்தது தப்புதான், இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பயத்தோடு நீங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் சிரிஞ்சை எடுத்தீர்களே, அதற்கு முன்னால் என் சொல் ரொம்பச் சின்னது அக்கா. இதைச் சொல்ல நீங்கள் இருக்கும்போது எனக்கு நாக்கு எழவில்லை.

நீங்கள் போன அடுத்த மாசம் நான் மட்டும் அந்த முந்திரிக்கொல்லை ஊருக்குப் போனேன். யாராவது சொல்ல வேண்டும் அல்லவா. அந்த அம்மா ரொம்பத் தளர்ந்திருந்தார்கள். சேதியைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கஷ்டப்பட்டாளா?"

"கடைசியில கொஞ்சம்."

"கடேசி வரைக்கும் அந்த ஊசி போட்டாளா?"

"போட்டாங்கம்மா."

"எத்தினி புள்ளைங்களுக்கு?"

எனக்கு எண்ணிக்கை தெரியாது. தெரிந்தது பெயர்கள்தான். வாரம் தவறாமல் எழுதியவள் ஆயிற்றே. ஒவ்வொன்றாகச் சொன்னேன். யார் எந்த ஊர், இப்போது என்ன செய்கிறார்கள், யாருக்குக் கல்யாணம் ஆயிற்று என்றெல்லாம் சொன்னேன். அந்த அம்மா கறுத்த கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். நடுவில் நான் நிறுத்தினால், "அப்புறம்?" என்றார்கள். வேப்ப மர நிழல் எங்களைத் தாண்டிப் போகும்வரை சொன்னேன்.

அந்தப் பெயர்கள்தான் உங்களிடமிருந்து எனக்கு வந்தவை. நோட்டைப் பார்க்காமலே சொல்வேன். இன்றைக்கு வர வேண்டியவர்களில் ஒரு பையன் வரவில்லை, ஏழாவது படிக்கிறவன், அம்மா இல்லாத பிள்ளை. நாளைவரை காத்திருக்க மனசில்லை. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. போய் அவன் வீட்டு வாசலில் நின்றுவிட்டு வருகிறேன் அக்கா.

உங்கள்
செல்வி